26 தூக்கு, ஒரே ஒரு மேல்முறையீடு: ராஜீவ் கொலை வழக்கைத் திரும்பப் படிக்கும்போது

1998 ஜனவரி 28. தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த பூந்தமல்லி சிறப்பு நீதிமன்றத்தில் நீதிபதி நவநீதம் தீர்ப்பு சொன்னார். குற்றவாளிக் கூண்டில் நின்றவர்கள் 26 பேர். அந்த 26 பேருக்கும் தூக்கு. வயதானவர், இளையவர், பெண், ஆண், குண்டு வெடித்த இடத்தில் இருந்தவர், அந்த ஊருக்கே போகாதவர் என்று எந்த வேறுபாடும் இல்லை.

ஒரு வருடம் மூன்றரை மாதம் கழித்து, 1999 மே 11 அன்று, அதே 26 பேரில் 19 பேரின் தூக்கையும் கொலைச் சதிக் குற்றத்தையும் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மிஞ்சியவர்கள் ஏழு பேர். ஒரே ஆவணங்கள், ஒரே சாட்சிகள். கீழே 26, மேலே 4 தூக்கும் 3 ஆயுளும். சட்டம் படிக்கிற யாருக்கும் இந்த இடைவெளி தூக்கத்தைக் கெடுக்க வேண்டும். எனக்குக் கெடுத்தது. அதனால்தான் இந்த வழக்கை அரசியல் பக்கமாக இல்லாமல், மேல்முறையீடு என்ற ஒரே கோணத்தில் எழுத நினைத்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் இறந்தது ராஜீவ் காந்தி மட்டும் இல்லை. பாதுகாப்புக்கு நின்ற காவலர்கள், கூட்டம் பார்க்க வந்த சாதாரண மனிதர்கள் எனப் பலர் அவருடன் சிதறிப் போனார்கள். அந்தக் குடும்பங்களுக்கு நீதி வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. நியாயமான விசாரணை வேண்டும் என்று கேட்பது அவர்களுக்கு எதிரான கோரிக்கை என்றும் நான் நினைக்கவில்லை. குற்றம் செய்தவர் யார், எவ்வளவு செய்தார் என்று சரியாகத் தெரிந்தால்தான் அவர்களுக்கும் அது நீதி.

சரி, கீழ் நீதிமன்றத்தில் என்ன நடந்தது? அதைப் புரிந்துகொள்ள தடாச் சட்டத்தின் மூன்று பிரிவுகள் போதும்.

2024 வரை நடப்பில் இருந்த நம் சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்றது. வெள்ளைக்காரன் காலத்திலேயே எழுதப்பட்ட பிரிவு இது. லாக்கப்பில் என்ன நடக்கும் என்று அவனுக்கே தெரிந்திருந்தது. தடாவின் 15-ஆம் பிரிவு இந்தக் கதவைத் திறந்துவிட்டது. காவல் கண்காணிப்பாளர் பதவிக்குக் குறையாத அதிகாரி பதிவு செய்தால், அந்த வாக்குமூலம் சாட்சியமாகச் செல்லும். இந்தப் பிரிவு அரசியல் சாசனத்துக்கு உட்பட்டதுதானா என்ற கேள்வி 1994-இல் கர்த்தார் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் முன் வந்தது. மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில்தான் பிரிவு தப்பியது. அப்போதும், வாக்குமூலம் எப்படி வாங்கப்பட வேண்டும் என்று சில பாதுகாப்பு நெறிகளை நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. ராஜீவ் வழக்கின் வாக்குமூலங்களோ அதற்கு முன்பே எழுதி முடிக்கப்பட்டவை.

அடுத்தது மூடிய அறை. தடா வழக்கு மூடிய நீதிமன்றத்தில் நடக்கலாம்; இந்த வழக்கும் அப்படித்தான் நடந்தது. பத்திரிகைக்காரர் உள்ளே இல்லை, பொதுமக்கள் இல்லை. சாட்சி என்ன சொன்னார், குறுக்கு விசாரணையில் எங்கே தடுமாறினார் என்று வெளியே யாருக்கும் அன்றன்று தெரியாது. அப்படிப்பட்ட அறையிலிருந்துதான் ஒரே நாளில் 26 தூக்கு வெளியே வந்தது.

மூன்றாவது, 19-ஆம் பிரிவு. இந்த ஆய்வுக்கு இதுதான் முக்கியம். வழக்கமான கொலை வழக்கில் செஷன்ஸ் நீதிமன்றம் தூக்கு விதித்தால், குற்றவாளி மேல்முறையீடு செய்தாலும் செய்யாவிட்டாலும், கோப்பு உயர் நீதிமன்றத்துக்குப் போயாக வேண்டும். உயர் நீதிமன்றம் உறுதி செய்யும்வரை அந்தத் தூக்குக்கு உயிரில்லை. அங்கே இரண்டு நீதிபதிகள் சாட்சியத்தை முதல் வரியிலிருந்து திரும்பப் படிப்பார்கள். அதற்கும் மேலே உச்ச நீதிமன்றம். தடாவில் உயர் நீதிமன்றம் என்ற படியே கிடையாது. சிறப்பு நீதிமன்றத்திலிருந்து நேராக உச்ச நீதிமன்றம். ஏணியில் நடுப்படியை எடுத்துவிட்டால், கீழே நடந்த பிழையைப் பிடிக்க ஒரே ஒரு வாய்ப்புதான் மிச்சம். அங்கேயும் தவறிவிட்டால் போக இடமில்லை.

டெல்லிக்குப் போய் 26 பேருக்கு வழக்கு நடத்துவது சிறைக்குள் இருப்பவர்களால் ஆகிற காரியமில்லை. பழ. நெடுமாறன் முன்னின்று குழு அமைத்தார், ஊர் ஊராக நிதி திரட்டப்பட்டது. மூத்த வழக்கறிஞர் என். நடராஜன் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடினார். அமர்வில் நீதிபதிகள் கே.டி. தாமஸ், டி.பி. வாத்வா, எஸ்.எஸ்.எம். காத்ரி. மூவரும் தனித்தனியாகத் தீர்ப்பு எழுதினார்கள். அது நல்லதாகப் போயிற்று. மூன்று மனங்கள் எங்கே ஒத்துப்போயின, எங்கே பிரிந்தன என்று இன்றும் வரி வரியாகப் பார்க்க முடிகிறது.

முதல் கேள்வி: இது தடாக் குற்றமா? அரசை அச்சுறுத்துவது, மக்களிடையே பீதியைக் கிளப்புவது போன்ற நோக்கம் இருந்தால்தான் தடாவின்படி பயங்கரவாதச் செயல். இங்கே நோக்கம் ராஜீவ் காந்தி என்ற ஒரு மனிதரைக் கொல்வது. இந்திய அமைதிப்படை இலங்கையில் நடந்துகொண்டதற்கான பழிவாங்கல். எனவே தடாக் குற்றங்கள் நிரூபிக்கப்படவில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 26 பேரும் தடாக் குற்றங்களிலிருந்து விடுவிக்கப்பட்டார்கள்.

இந்த இடத்தில் நின்று கொஞ்சம் யோசிக்க வேண்டும். தடாவே பொருந்தாது என்றால், தடா இருந்ததால் மட்டுமே செல்லுபடியான வாக்குமூலங்கள் என்ன ஆகும்? சாதாரணக் கொலை வழக்காக இது நடந்திருந்தால் அந்தத் தாள்களை நீதிமன்றத்தில் நீட்டவே முடியாது. 1997-இல் பிலால் அகமது காலூ வழக்கில், தடாக் குற்றம் விழுந்துவிட்டால் அந்த வாக்குமூலத்தை வேறு குற்றத்துக்குப் பயன்படுத்த முடியாது என்ற பார்வையை உச்ச நீதிமன்றம் எடுத்திருந்தது. ராஜீவ் வழக்கில் மூன்று நீதிபதிகளும் அதை ஏற்கவில்லை. தடாவின் 12-ஆம் பிரிவு, தடாக் குற்றத்தோடு சேர்த்து மற்றக் குற்றங்களையும் சிறப்பு நீதிமன்றம் விசாரிக்கலாம் என்கிறது. ஆகவே தடாக் குற்றச்சாட்டு தோற்றாலும் வாக்குமூலம் நிற்கும் என்றார்கள்.

இதன் விளைவைப் பச்சையாகச் சொல்கிறேன். போலீஸ் தடாவின் கீழ் வழக்குப் போட்டால் போதும். தடா பொருந்துகிறதோ இல்லையோ, தடா கொடுத்த ஆயுதம் கையில் தங்கிவிடும். இந்த வழக்கில் 17 பேரின் வாக்குமூலங்கள் அப்படி நின்றன. பலர் அவற்றைப் பின்னால் மறுத்திருந்தார்கள். மறுப்பு எடுபடவில்லை. என் பார்வையில் 1999 தீர்ப்பின் மிகப் பெரிய பிழை இதுதான்.

அப்புறம் இன்னொரு முடிச்சு. ஒருவருடைய வாக்குமூலத்தை உடன் குற்றம் சாட்டப்பட்ட இன்னொருவருக்கு எதிராக எந்த அளவு பயன்படுத்தலாம்? வெறும் துணைச் சான்றாகவா, தனியாக நிற்கும் முதன்மைச் சான்றாகவா? துணைச் சான்றாக மட்டும்தான் என்று 1997-இல் கல்ப்நாத் ராய் வழக்கில் சொல்லப்பட்டிருந்தது. நீதிபதி தாமஸ் அந்த நிலையிலேயே நின்றார். வாத்வாவும் காத்ரியும் முதன்மைச் சான்றாகவே கொள்ளலாம் என்றார்கள். இரண்டுக்கு ஒன்று. கேட்டால் நுணுக்கமான சட்டச் சண்டை மாதிரித் தெரியும். ஆனால் பக்கத்து செல்லில் இருப்பவர் அடிக்குப் பயந்து உங்கள் பெயரைச் சொல்லியிருந்தால், அவரை நீங்கள் எப்படிக் குறுக்கு விசாரணை செய்வீர்கள்? அவர் சாட்சிக் கூண்டுக்கே வரமாட்டாரே.

அப்படியிருந்தும் 19 பேரை நீதிமன்றம் கொலைச் சதியிலிருந்து விடுவித்தது. கொலைக்குப் பிறகு அடைக்கலம் கொடுத்தது, வீடு கொடுத்தது, கூடப் பழகியது இவையெல்லாம் கொலைச் சதியில் பங்கு ஆகாது என்று பிரித்துப் பார்த்தது. சிலருக்கு நிரூபணமான சிறு குற்றங்களுக்கான தண்டனையை அவர்கள் எப்போதோ அனுபவித்து முடித்திருந்தார்கள். இந்த வேலையை நடுவில் ஓர் உயர் நீதிமன்றம் செய்திருந்தால், எஞ்சிய ஏழு பேரின் கணக்கைப் பார்க்க உச்ச நீதிமன்றத்துக்கு இன்னும் நிதானம் கிடைத்திருக்குமே என்று எனக்குப் படுகிறது.

நளினி, முருகன், சாந்தன், பேரறிவாளன் நால்வருக்கும் தூக்கு உறுதியானது. ராபர்ட் பயஸ், ஜெயக்குமார், ரவிச்சந்திரன் மூவருக்கும் ஆயுள்.

நளினி விஷயத்தில் நீதிபதி தாமஸ் மறுபடியும் தனியாக நின்றார். நளினி ஒரு பெண், சிறையில் பிறந்த குழந்தைக்குத் தாய்; அப்பா முருகனும் தூக்கு, அம்மாவும் தூக்கு என்றால் அந்தக் குழந்தை அநாதையாகும் என்று எழுதி, ஆயுளாகக் குறைக்கச் சொன்னார். மற்ற இருவரும் உடன்படவில்லை. ஒரே சாட்சியத்தைப் படித்த மூன்று நீதிபதிகளில் ஒருவர் உயிரை விட்டுவைக்கலாம் என்று நினைக்கிறார், இருவர் எடுக்கலாம் என்கிறார்கள். அந்த ஒரு வாக்கு வித்தியாசத்தில் ஒரு தூக்கு உறுதியாகலாமா?

இப்போது பேரறிவாளன். ஜோலார்பேட்டைக்காரர், குயில்தாசன் அற்புதம்மாள் மகன். 1991 ஜூன் மாதம் பிடித்துக்கொண்டு போகும்போது வயது 19. விசாரித்துவிட்டு மறுநாள் அனுப்பிவிடுவார்கள் என்று நம்பித்தான் பெற்றோர் அனுப்பினார்கள். அவர் மீது சொல்லப்பட்டதில் எல்லோருக்கும் ஞாபகம் இருப்பது இரண்டு 9 வோல்ட் பேட்டரிகள். அதை வாங்கி, கொலையை முன்னின்று நடத்திய விடுதலைப் புலி சிவராசனிடம் கொடுத்தார், அது வெடிகுண்டில் பயன்பட்டது என்பது வழக்கு. தவறான முகவரி கொடுத்து மோட்டார் சைக்கிள் வாங்க உதவியதும் சொல்லப்பட்டது.

பேட்டரி வாங்கியது குற்றமா? கடையில் யாரும் வாங்கலாம். எதற்கு என்று தெரிந்தே வாங்கினாரா என்பதில்தான் 19 வயதுப் பையனின் கழுத்து தொங்கியது. அந்தத் ‘தெரிந்தே’ என்ற சொல்லுக்கு முக்கிய ஆதாரம், சி.பி.ஐ. கண்காணிப்பாளர் வி. தியாகராஜன் எழுதிய வாக்குமூலம்.

2013-இல் அதே தியாகராஜன், ஓய்வு பெற்ற பிறகு, வெளிப்படையாகப் பேசினார். பேட்டரியை வாங்கிக் கொடுத்ததாகப் பேரறிவாளன் சொன்னது உண்மை. ஆனால் அது எதற்கென்று தனக்குத் தெரியாது என்றும் பேரறிவாளன் சொன்னார். அந்தப் பகுதியைத் தான் எழுதவில்லை என்றார் தியாகராஜன். எழுதியிருந்தால் அது ஒப்புதல் வாக்குமூலமாகவே நின்றிருக்காது. 2017-இல் இதைப் பிரமாணப் பத்திரமாகவே உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார். 1991 மே 7 அன்று சிவராசன் புலிகளின் உளவுத் தலைவர் பொட்டு அம்மானுக்கு அனுப்பிய வயர்லெஸ் செய்தியும் இதோடு பொருந்துகிறது. நம் நோக்கம் எங்கள் மூவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்பது அதன் சாரம். அந்த மூவர் சிவராசன், குண்டைக் கட்டிக்கொண்டு வெடிக்கச் செய்த தணு, அவருடன் வந்த சுபா.

ஒரு வாக்கியம் எழுதப்படவில்லை. சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு எதற்கு இருந்தது என்று மாணவர்களுக்குப் பாடம் நடத்த இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அந்த அதிகாரி யாரையும் அடித்ததாகக்கூட நாம் சொல்ல வேண்டியதில்லை. பேனா அவர் கையில் இருந்தது, அவ்வளவுதான். மாஜிஸ்திரேட் கையில் இருந்திருந்தால் அந்த வாக்கியம் தாளில் இருந்திருக்க வாய்ப்பு அதிகம்.

தண்டனை அளவிலும் பிழை உண்டு என்று சொன்னவர் வேறு யாரும் இல்லை, அமர்வுக்குத் தலைமை வகித்த கே.டி. தாமஸே. 2009-இல் பரியார் வழக்கில் உச்ச நீதிமன்றம், தூக்கு விதிக்கும் முன் குற்றத்தை மட்டும் பார்க்காமல் குற்றவாளியின் பின்னணியையும் குணத்தையும் திருந்தும் வாய்ப்பையும் தனியாக எடைபோட வேண்டும் என்று அழுத்திச் சொன்னது. அந்த அளவுகோலில் பார்த்தால் ராஜீவ் வழக்கின் தூக்குகளை மறுபடி பரிசீலிக்க வேண்டும் என்று 2013-இல் தாமஸ் கூறினார். இத்தனை ஆண்டு சிறையில் வைத்துவிட்டுத் தூக்கிலும் போடுவது ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனை ஆகும் என்றும் சொன்னார். ஒரு நீதிபதி ஓய்வுக்குப் பிறகு தன் தீர்ப்பைப் பற்றி இப்படிப் பேசுவதற்கு மனத்திடம் வேண்டும். அவர் மேல் எனக்கு மரியாதை கூடியதே தவிர குறையவில்லை.

ஆனால் சட்டப்படி வாசல்கள் அதற்குள் சாத்தப்பட்டிருந்தன. சீராய்வு மனு 1999 அக்டோபரிலேயே தள்ளுபடி. கருணை மனுக்களை ஆளுநர் பாத்திமா பீவி நிராகரித்தார். அமைச்சரவையின் ஆலோசனை இல்லாமல் எடுத்த முடிவு என்று சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2000 ஏப்ரலில் அமைச்சரவைப் பரிந்துரையின்படி நளினியின் தூக்கு மட்டும் ஆயுளானது. மற்ற மூவரின் மனு குடியரசுத் தலைவரிடம் போனது. பதில் வந்தது 2011 ஆகஸ்டில். பதினோரு ஆண்டுகளுக்கு மேல்.

மனு நிராகரிப்பு, 2011 செப்டம்பர் 9 தூக்கு நாள் என்ற அறிவிப்பு, அதை எதிர்த்துக் காஞ்சிபுரத்தில் இளம்பெண் செங்கொடியின் தீக்குளிப்பு, ஆகஸ்ட் 30 அன்று சட்டமன்றத் தீர்மானம், அதே நாளில் உயர் நீதிமன்றத்தில் ராம் ஜெத்மலானியின் வாதம், எட்டு வாரத் தடை. அந்த நாட்களைத் தமிழ்நாட்டில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

2014 பிப்ரவரி 18 அன்று தலைமை நீதிபதி சதாசிவம் தலைமையிலான அமர்வு மூவரின் தூக்கையும் ஆயுளாகக் குறைத்தது. காரணம், கருணை மனுவில் காட்டிய விளக்கமில்லாத தாமதம். மறுநாளே ஏழு பேரையும் விடுவிக்க ஜெயலலிதா அரசு முடிவெடுத்தது, உச்ச நீதிமன்றம் தடுத்தது, சி.பி.ஐ. விசாரித்த வழக்கில் மத்திய அரசின் இசைவு வேண்டும் என்று 2015 டிசம்பரில் அரசியல் சாசன அமர்வு சொன்னது. 2018 செப்டம்பரில் தமிழக அமைச்சரவை, தண்டனையைக் குறைக்க ஆளுநருக்கு அதிகாரம் தரும் அரசியல் சாசனத்தின் 161-ஆவது பிரிவின் கீழ் விடுதலையைப் பரிந்துரைத்தது. ஆளுநர் மாளிகையில் இரண்டு ஆண்டுக்கு மேல் கிடந்த அந்தக் கோப்பு, பிறகு குடியரசுத் தலைவருக்கு அனுப்பப்பட்டது. அப்படி அனுப்ப ஆளுநருக்கு இடமில்லை என்று கூறிய உச்ச நீதிமன்றம், 2022 மே 18 அன்று முழு நீதி வழங்கத் தனக்கு அதிகாரம் தரும் 142-ஆவது பிரிவைப் பயன்படுத்திப் பேரறிவாளனை விடுவித்தது. நவம்பர் 11 அன்று மற்ற ஆறு பேர்.

இந்த வரிசையில் ஒன்றைக் கவனித்தீர்களா? தூக்கு குறைந்தது தாமதத்தால். விடுதலை கிடைத்தது அமைச்சரவைப் பரிந்துரை, சிறை நடத்தை, ஆளுநரின் காலதாமதம் இவற்றால். 15-ஆம் பிரிவு வாக்குமூலம் நியாயமாக எடுக்கப்பட்டதா என்ற கேள்விக்கு இதில் எதுவும் பதில் இல்லை. அந்தக் கேள்வியை நேராகக் கேட்ட மனு ஒன்று இருந்தது. தியாகராஜனின் பிரமாணப் பத்திரம் கையில் இருக்கும்போதே, 1999 தீர்ப்பைத் திரும்பப் பெற வேண்டும் என்று பேரறிவாளன் உச்ச நீதிமன்றத்தைக் கேட்டார். 2018 மார்ச்சில் அது தள்ளுபடி ஆனது. இறுதியாகிவிட்ட தீர்ப்பு இறுதியானதுதான் என்பது நீதிமன்றத்தின் நிலை. வழக்குகளுக்கு ஒரு முடிவு வேண்டும் என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் வாக்குமூலத்தை எழுதியவரே வந்து, முழுதாக எழுதவில்லை என்று சத்தியம் செய்கிறபோது, அதைத் திறந்து பார்க்க நம் சட்டத்தில் ஒரு வழி வேண்டாமா? சில நாடுகளில் தீர்ப்பு இறுதியான பிறகும் புதிய சான்று வந்தால் வழக்கைத் திரும்ப மேல்முறையீட்டுக்கு அனுப்பத் தனி அமைப்பே இருக்கிறது. பிரிட்டனில் 1997 முதல் அப்படி ஓர் ஆணையம் இயங்குகிறது. நம்மிடம் சீராய்வு, அதற்கு மேல் நிவாரணச் சீராய்வு என்று மிக ஒடுங்கிய சந்துகள்தான்.

தடா 1995-இலேயே காலாவதியாகிவிட்டது. பின்னால் வந்த பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் வாக்குமூலப் பிரிவு திரும்ப வந்து, 2004-இல் அந்தச் சட்டத்தோடு போனது. ஆனால் திட்டமிட்ட குற்றங்களுக்கு எதிரான மகாராஷ்டிராவின் மோக்கா போன்ற மாநிலச் சட்டங்களில் அதே ஏற்பாடு இன்றும் இருக்கிறது. கண்காணிப்பாளர் எழுதுவார், நீதிமன்றம் ஏற்கும்.

விடுதலைக்குப் பிறகும் இலங்கைக் குடிமக்களான நால்வர் வீட்டுக்குப் போகவில்லை. திருச்சி சிறப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்த சாந்தன், 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் இறந்தார். அந்த மருத்துவமனையின் பெயர் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை. ஐந்து வாரம் கழித்து முருகன், ராபர்ட் பயஸ், ஜெயக்குமார் மூவரும் இலங்கைக்கு விமானம் ஏறினார்கள். 1999-இல் எழுதப்பட்ட குற்றத் தீர்ப்பு, ஏழு பேர் பெயரிலும், இன்றும் ரத்தாகாமல் இருக்கிறது.